ஈரலுக்குத் திறந்துவிட ஏரி இல்லை

குழந்தைகள் வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். நல்ல வார்த்தை என்னிடம் அதிகம் மிச்சமில்லை. இருந்ததையெல்லாம் ஊசிக்குப் பயந்து அழுத குழந்தைகளுக்குச் சொல்லித் தீர்த்துவிட்டேன். ஆகவே உங்களுக்குக் கசப்பு மருந்துதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடுங்கள்.

உங்கள் படிப்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. குழந்தை என்பது சின்ன சைஸ் பெரியவர் அல்ல என்ற வாக்கியத்தைப் பரீட்சையில் எழுதாமல் நம்மில் ஒருவரும் தேறியிருக்க முடியாது. எழுதிய மை காய்வதற்குள் அதை மறந்துவிடுவதுதான் நம் தொழிலின் தனிச்சிறப்பு. பெரியவருக்கு ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அரை, கைக்குழந்தைக்குக் கால். இட்லிக் கடையில்கூட இதைவிட யோசித்துப் பரிமாறுகிறார்கள்.

எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியைக்கு இந்தக் கால், அரைக் கணக்கு ஆகவே ஆகாது. கேஸ் ஷீட்டைக் கையில் வாங்கியதும் நோயின் பெயரைப் பார்க்க மாட்டார். எடை எழுதியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார். இல்லையென்றால் அந்தத் தாள் ஜன்னல் வழியாகப் போகும். நாங்கள் மாடியிலிருந்து இறங்கிப் போய், ஆம்புலன்ஸ் டிரைவர்கள் சிரிக்கச் சிரிக்க அதைப் பொறுக்கிக்கொண்டு வருவோம். ஒருமுறை நான் சாமர்த்தியமாக "சுமார் பத்து கிலோ" என்று எழுதிக் கொடுத்தேன். "சுமாரா மருந்து குடுத்தா சுமாராப் பொழைக்கும், பரவாயில்லையா?" என்று கேட்டார். தாளைத் தூக்கிப் போட்டிருந்தாலே தேவலை என்று இருந்தது.

கால் கணக்கு நமக்கு மட்டும் சொந்தமானது இல்லை. கடம்பத்தூர்ப் பக்கமிருந்து ஒரு விவசாயி வந்தார். சொந்த நிலத்தில் நெல் பயிரிடுகிறவர், பேச்சிலும் அந்த மிடுக்கு இருந்தது. மூன்று மாதப் பேரனுக்கு மூக்கடைப்பு. தனக்கு எழுதிக் கொடுத்திருந்த சளி மாத்திரையில் கால் பங்கை உடைத்து, பாலில் குழைத்துப் புகட்டியிருக்கிறார். குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது, பாலுக்குக்கூட எழவில்லை. எழுப்பினால் கண்ணைத் திறந்து, ஏன் எழுப்பினாய் என்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

"ஏக்கராவுக்கு ஒரு மூட்ட யூரியான்னா, கால் ஏக்கராவுக்குக் கால் மூட்ட. இதுல இன்னா மேடம் தப்பு?" என்றார்.

"நாத்தங்கால்லயும் அதே கணக்குல போடுவீங்களா?"

"நாத்தங்கால்லயா? நாத்து கருகிடும் மேடம்." சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பிப் பேரனைப் பார்த்தார். மறுநாள் அந்தக் குழந்தை கண் விழித்து வார்டே அதிரும்படி அழுதபோது, கைதட்டாத குறையாகச் சந்தோஷப்பட்டவர் அவர்தான்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பிறந்த குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு. நம் உடம்பில் பாதி கூட உள்ளே போகாத ஒரு மருந்து அங்கே தாராளமாகப் போகும், வேறொன்று போகவே போகாது. தோல் மெல்லியது, மேலே தடவுவதெல்லாம் உள்ளே இறங்கும். ஈரல், நேற்று வேலைக்குச் சேர்ந்த டிரெய்னி. மருந்தைப் பிரித்து வெளியே அனுப்பும் வேலையை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. சிறுநீரகமும் அப்படியே. ஆனால் அதே பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போது அந்த ஈரல் ஓவர்டைம் பார்க்கும், கிலோவுக்குக் கிலோ கணக்குப் பார்த்தால் உங்கள் ஈரலையும் என் ஈரலையும் விட வேகமாக. போன மாதம் சரியாக இருந்த அளவு இந்த மாதம் தப்பாக இருக்கும். ஆள் மாறவில்லை, பெயர் மாறவில்லை, உடம்பு மாறிவிட்டது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எல்லாக் காலண்டரிலும் போட்டிருக்கிறது. அளவு எவ்வளவு என்று எந்தக் காலண்டரிலும் போடவில்லை. அதைப் போடத்தான் நமக்குச் சம்பளம்.

சரி, ரூத்தின் கதைக்கு வருகிறேன். உண்மையில் அதைச் சொல்லத்தான் வந்தேன்.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டையை ஒட்டி ஒரு சின்ன மருத்துவமனையில் அப்போது நான் வேலையில் இருந்தேன். பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்கள் இன்னும் எனக்குத் தீபாவளிக்குப் பலகாரம் அனுப்புகிறார்கள். சாயங்காலம் ஷிப்ட் விடும் நேரம். சாலை முழுக்கக் கம்பெனி பஸ்கள். அந்த நேரத்தில் ஒன்பது மாதப் பெண் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு தம்பதி வந்தார்கள். குழந்தையின் பெயர் ரூத். அப்பா தேவராஜ், இரும்பு உருட்டாலையில் எலெக்ட்ரீசியன், அப்போது அவருக்கு நைட் ஷிப்ட். அம்மா எஸ்தர், பாட்டில் தயாரிக்கும் கம்பெனியில் பேக்கிங், அவளுக்குக் காலை ஷிப்ட். இருவருடைய பெற்றோரும் வயலில் கூலிக்குப் போனவர்கள். இவர்கள் கார்டு தேய்த்துக் கேட்டுக்குள் போகிறவர்கள்.

அன்று டியூட்டியில் இருந்தது ஓர் இளம் டாக்டர். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், ஆகவே டியூட்டி டாக்டர் என்றே வைத்துக்கொள்வோம். கெட்டிக்காரர். குழந்தை உள்ளே வருவதற்குள் நோயைச் சொல்லிவிடுவார். பல சமயம் அது சரியாகவும் இருந்துவிடும், அதுதான் ஆபத்து. ரூத்துக்கு வாந்தி என்று எஸ்தர் ஆரம்பித்ததும் "வயித்துக் கோளாறு" என்றார். முதல் நாள் காய்ச்சல் இருந்தது என்றாள். கை தானாகவே எழுதியது. எழுதியதில் முதல் மருந்து பாரசிட்டமால், மலவாயில் வைக்கும் வகை. எடை என்ற இடத்தில் ஒன்பது கிலோ. எந்தத் தராசில் பார்த்தார் என்று அப்புறம் கேட்டேன். கண்ணால் பார்த்தாராம்.

நர்ஸ் மருந்தை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போகும்போது நான் ரவுண்ட்ஸ் முடித்து அந்தப் பக்கம் வந்தேன். எஸ்தர் அந்த நர்சிடம் சாதாரணமாகக் கேட்டாள்.

"ஜொரம்தான் காலைலயே விட்டுடுச்சே சிஸ்டர். இப்ப இன்னாத்துக்கு ஜொர மருந்து?"

நர்ஸ் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தான் எழுதிய தாளைப் பார்த்தார். நான் குழந்தையைப் பார்த்தேன். காய்ச்சல் விட்ட குழந்தைக்கு முகம் தெளிய வேண்டும். இது துவண்டு கிடந்தது. வயிற்றின் வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழே மெல்லத் தொட்டேன். அதுவரை முனகிக்கொண்டிருந்தது வீறிட்டது.

"என்ன மருந்து குடுத்தீங்க வீட்ல?" என்று கேட்டேன்.

எஸ்தர் தன் சாப்பாட்டுப் பையில் கையை விட்டு ஒரு பாட்டிலை எடுத்தாள். என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. காலியாக இருந்தது.

"இத்துனூண்டு பாட்டிலு மேடம். மூணு வாட்டி ஊத்துனா தீந்துடுது. முன்னெல்லாம் எவ்ளோ பெருசா குடுப்பாங்க! எல்லாம் ஏமாத்து. ரெண்டு தீந்துபோயி, இப்ப மூணாவது வாங்கியாந்து வெச்சிருக்குறோம்."

இத்தனை வருட வேலையில் பல பயங்கரமான வாக்கியங்களைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சாதாரணமான குரலில் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

உங்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் புரிந்திருக்கும், மீதிப் பேருக்குச் சொல்கிறேன். பாரசிட்டமால் சிரப் வேறு, சொட்டு மருந்து வேறு. சொட்டு மருந்து பல மடங்கு கெட்டி. சிரப்பில் ஐந்து மில்லி கொடுக்கும் இடத்தில் சொட்டு மருந்தில் ஒரு மில்லி சுமாருக்குப் போதும். அதனால்தான் பாட்டில் குட்டியாக இருக்கிறது, கூடவே ஒரு சொட்டுக் குழாயும் வைத்திருக்கிறார்கள். யாரோ ஒரு டாக்டர் வெறுமனே "ஐந்து மில்லி" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். எது ஐந்து மில்லி என்று எழுத அவருக்கு நேரமில்லை. மெடிக்கல் கடையில் சிரப் தீர்ந்துபோய், சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்து, "அதே மருந்துதான், இன்னும் நல்லா கேக்கும்" என்றிருக்கிறார்கள். வீட்டில் பழைய சிரப்பின் அளவு மூடி இருந்தது. எஸ்தர் அதைக் கழுவி, பத்திரமாக வைத்திருந்தாள். சொட்டுக் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஐந்து மில்லி கோடு வரைக்கும் அளந்து ஊற்றினாள். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"எழுதிக் குடுத்தா மாதிரி மூணு வேளதான் மேடம். நான் பஸ்ஸுக்குப் போறதுக்கு முன்ன ஒரு வாட்டி, வந்ததும் ஒரு வாட்டி, ராத்திரி படுக்க சொல்ல ஒரு வாட்டி."

பக்கத்தில் நின்ற தேவராஜ் நிமிர்ந்தார். "இன்னாது? நீ குடுத்தியா? நானும்தான் மூணு வேள குடுத்தேன்!"

"நீ இன்னாத்துக்குக் குடுத்த?"

"ஷிப்ட்டு முடிஞ்சி வந்ததும் கொழந்தைக்கு மருந்து ஊத்துன்னு சொன்னது நீதானே?"

"அது போன ஜொரத்துக்கு! நேத்து சொன்னேனா?"

"வேணாம்னும் சொல்லலியே! நான் வரசொல்ல நீ பஸ்ல போய்க்கினு இருக்குற. நீ வரசொல்ல நான் தூங்கிக்கினு இருக்குறேன். யார்ட்ட கேக்குறது? நடுவுல பாத்துக்குற பக்கத்து ஊட்டு அக்காவும் ஒண்ணும் சொல்லல."

இருவர் சொன்னதும் உண்மை. இருவரும் எழுதிக் கொடுத்தபடியே கொடுத்திருக்கிறார்கள். பொறுப்பில்லாத பெற்றோராக இருந்திருந்தால் அந்தக் குழந்தைக்கு இவ்வளவு மருந்து போயிருக்காது. அங்கேயே சண்டையை ஆரம்பித்தவர்களை நான் போட்ட சத்தத்தில் வார்டே அடங்கியது.

பாரசிட்டமாலை நாம் தண்ணீர் மாதிரி எழுதுகிறோம். அது சரியான அளவில் நல்ல மருந்துதான். ஈரல் அதைப் பிரிக்கும்போது கொஞ்சம் விஷக் கழிவு வரும். அதை முறிக்க ஈரலிடம் ஒரு கையிருப்பு உண்டு. நம் தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் கழிவுநீர் சுத்திகரிப்பு வைத்திருக்கிறார்களே, அது மாதிரி. வரத்து அதிகமானால் சில கம்பெனிகள் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். மழை வரட்டும் என்று காத்திருந்து, சத்தமில்லாமல் ஏரியில் திறந்துவிட்டு, மறுநாள் மரம் நடும் விழா நடத்தும். ஈரலுக்குத் திறந்துவிட ஏரி இல்லை. கையிருப்பு தீர்ந்ததும் அது தானே வேக ஆரம்பிக்கும்.

அந்தக் கையிருப்பை மறுபடி நிரப்ப ஒரு மாற்று மருந்து உண்டு, அசிடைல்சிஸ்டீன். எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு ஈரல் மிஞ்சும். ரூத்தின் உயிர் அந்த நேரத்தில் அதைத்தான் நம்பியிருந்தது. எங்கள் மருத்துவமனையில் அது இல்லை.

"ரத்தம் எடுத்துருக்கேன் மேடம். ஈரல் ரிப்போர்ட் வரட்டும். நார்மலா இருந்தா அனாவசியமா எதுக்கு?" என்றார் டியூட்டி டாக்டர்.

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. நெருக்கடியில் நம்மைக் கவிழ்ப்பது முட்டாள்தனமான யோசனைகள் அல்ல, அவற்றை யாரும் கேட்க மாட்டோம். இப்படி நியாயமாகப் பேசும் யோசனைகள்தான் கவிழ்க்கும். ஈரல் அடி வாங்கியதும் ஸ்டேஷனுக்கு ஓடும் ஆள் இல்லை. இரண்டு நாள் பொறுத்துத்தான் புகார் கொடுக்க வரும். அன்றைய ரிப்போர்ட் நன்றாகவே இருக்கலாம். அதை நம்பி வீட்டுக்கு அனுப்பினால், குழந்தை மஞ்சள் பூத்துத் திரும்பி வரும்போது ரிப்போர்ட்டும் பிரமாதமாகப் பொருந்தும். பொருந்தி என்ன பயன்?

"ரிப்போர்ட் வரட்டும். வர்றப்ப படிக்கலாம். இப்ப மருந்து" என்றேன்.

சென்னையில் குழந்தைகளுக்கான பெரிய மருத்துவமனைக்குப் போன் போட்டேன். தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர், ஊசி மருந்து அவர்களிடம் இருக்கிறது, உடனே அனுப்புங்கள், ஆனால் வழியில் நேரத்தை வீணாக்காமல் முதல் அளவை வாய்வழியாகக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அப்போதுதான் பளிச்சென்றது. பெரியவர்களுக்கு நெஞ்சுச் சளி கரைய, தண்ணீரில் போட்டால் பொங்குகிற மாத்திரை ஒன்று எழுதுவோமே, அதுவும் இதே அசிடைல்சிஸ்டீன்தான். "அதைக் கரைச்சு டியூப்ல குடுங்க, அளவை நாம ரெண்டு பேரும் தனித்தனியாப் போட்டுப் பாத்துடலாம்" என்றார்.

எதிரில் இருந்த மெடிக்கல் கடைக்குத் தேவராஜை ஓட விட்டேன். அந்தச் சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்த அதே கடை. கடைக்காரர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "இத்த கொழந்தைக்குக் குடுக்க மாட்டாங்களே! யார் எழுதுனது?" என்று விசாரணை நடத்தியிருக்கிறார். வாழ்நாளில் அவர் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். கேட்ட நேரம்தான் சரியில்லை. நான் போனில் பேசினேன். என்ன பேசினேன் என்பதை இங்கே சபையில் சொல்ல முடியாது.

மருந்து வருவதற்குள் எடை. "ஒன்பது கிலோதான மேடம்" என்று டியூட்டி டாக்டர் கணக்குப் போட ஆரம்பித்தார். தராசைக் கொண்டு வரச் சொன்னேன். குழந்தையின் நனைந்த துணியைக் கழற்றச் சொன்னேன். கொலுசையும் கழற்றச் சொன்னேன்.

"கொலுசு என்ன மேடம் பெரிய எடை?"

"மருந்து குழந்தைக்கு. கொலுசுக்கு இல்ல."

அதைக் கழற்றாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது. எனக்கு அவர்மேல் கோபம், அவ்வளவுதான். ஆனால் தராசு சொன்னது ஏழரை. கண்ணால் பார்த்த ஒன்பது எங்கே, ஏழரை எங்கே! அவர் முகம் சுண்டிப்போனது. ஒன்பதை அடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து கணக்குப் போட்டார். நான் தனியாகப் போட்டேன். சென்னை டாக்டர் போனில் போட்டார். மூன்றும் ஒன்றாக வந்தபிறகுதான் மாத்திரை தண்ணீரில் விழுந்தது.

அந்த மருந்தின் வாசனை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அழுகிய முட்டை. கட்டிலுக்குக் கட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாயை வயிற்றுக்குள் இறக்கி, அவசரப்படாமல் செலுத்தினோம். அந்தச் சமயம் எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானேதான் ஊத்துனேன் மேடம். தம்மாத்தூண்டு வாயி, மூடிக்கினே இருந்தா. மூக்கப் புடிச்சி ஊத்துனேன்."

ஆறுதல் சொன்னால் பொய். உண்மையைச் சொன்னால் கொடுமை. அவள் தோளைத் தட்டிவிட்டு, ஆம்புலன்ஸில் ஏறு என்றேன்.

கூட யாரை அனுப்புவது? டியூட்டி டாக்டரைத்தான். மிச்சக் கரைசலை ஒரு பாட்டிலில் ஊற்றிக் கையில் கொடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். செங்குன்றத்தில் லாரிகளுக்கு நடுவே ஆம்புலன்ஸ் சைரனைப் போட்டுக்கொண்டு நகராமல் நின்றபோது போன் வந்தது.

"மேடம், எல்லாத்தையும் வாந்தி எடுத்துட்டா. என் சட்டை மேல."

"சட்டையப் பத்திக் கேக்கல."

"திரும்பக் குடுக்கறேன். இந்த தடவ இன்னும் மெதுவா." பின்னால் எஸ்தர் ஜெபம் பண்ணுவதும், ஹார்ன் சத்தமும் கேட்டன. போனை அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கடைசியில், "உள்ள நிக்குது மேடம்" என்றார். அந்த வாக்கியத்துக்கு எந்தப் பரீட்சையிலும் மார்க் கிடையாது. நான் கொடுத்தேன்.

எங்கள் லேபின் ரிப்போர்ட் வந்தது. கிட்டத்தட்ட நார்மல். அதைக் காட்டியிருந்தால் எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். அடுத்த இரண்டு நாட்களில் சென்னையிலிருந்து வந்த எண்கள் ஏறின, பயப்படும்படி ஏறின. அந்த நாட்களில் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை என்று வீட்டில் இன்னும் குறை சொல்கிறார்கள். பிறகு எண்கள் இறங்கத் தொடங்கின. ரூத் பால் கேட்டு அழுதாள் என்று எஸ்தர் போன் செய்தபோது, நான் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், பெரிய டாக்டர்களும் அழுவார்கள்.

மறுபரிசோதனைக்கு வந்தபோது தேவராஜைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க மில்லுல ஒருத்தர் மெஷினுக்குள்ள கைய விட்டு வேல செய்யும்போது, இன்னொருத்தர் வந்து சுவிட்சப் போடுவாரா?"

"அதெப்படி மேடம்? செவப்பு டேக்கு மாட்டி இருப்போம்ல? பேரு, போட்டோ எல்லாம் இருக்கும். மாட்டுனவன்தான் கழட்டணும். வேற எவனாவது கைய வெச்சான், அன்னிக்கே கேட்டுக்கு வெளிய நிக்கணும்."

"இரும்பு மெஷினுக்கு இவ்ளோ மரியாத. ரூத்துக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சொன்னது உறைத்ததா என்று தெரியாமலே அனுப்பிவிட்டேன். உறைத்திருந்தது, கொஞ்சம் அதிகமாகவே. அடுத்த முறை எஸ்தர் கதவைத் திறக்கும்போதே சத்தம் கேட்டது.

"இன்னா மேடம் சொல்லிக் குடுத்தீங்க இந்தாளுக்கு? பாட்டிலு கழுத்துல தன் மூஞ்சிய மாட்டி வெச்சிட்டு டூட்டிக்குப் பூட்டாரு. கொழந்த ஒடம்பு கொதிக்குது. போன் பண்ணா, மாட்டுனவன்தான் கழட்டணும்னு ரூல்ஸ் பேசறாரு!"

"அப்பறம் பர்மிசன் குடுத்தேன்ல?" என்றார் தேவராஜ்.

"எப்ப? சூப்பர்வைசர இட்டுக்கினு வந்து, அவரு சரின்னு தலையாட்டுனதுக்கு அப்புறம்!"

சிரித்து முடித்துவிட்டுச் சட்டத்தைத் திருத்தினோம். மருந்து கொடுத்தவர் தன் டேக்கை மாட்ட வேண்டும். அடுத்தவர் பாட்டிலைத் தொடுமுன், மாட்டியவரைக் கேட்க வேண்டும். எஸ்தர் தன் கம்பெனியின் பழைய அடையாள அட்டையை எடுத்து வைத்துக்கொண்டாள். சொட்டுக் குழாய் ரப்பர் பேண்டால் பாட்டிலோடு கட்டப்பட்டது. அந்தப் பழைய மூடியை நான் கேட்டு வாங்கிக் குப்பையில் போட்டேன். அதற்கப்புறம் ஷிப்ட் வேலை பார்க்கும் எந்தத் தாய் தகப்பன் வந்தாலும், போன வேளை மருந்தை யார் கொடுத்தது என்பதுதான் என் முதல் கேள்வி. நீங்களும் கேளுங்கள். உங்கள் வார்டிலும் ஷிப்ட் உண்டு, டேக் இல்லை. காலை டாக்டர் எழுதியதைப் படிக்காமல் சாயங்கால டாக்டர் எழுதும் வழக்கம் உருட்டாலையில் இருந்திருந்தால், அங்கே இந்நேரம் யாருக்கும் கை இருந்திருக்காது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ரூத்தை மறுபடி தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாதாரணக் காய்ச்சல். நடக்கிறாள், ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுக்கிறாள், அப்பாவின் சிவப்பு டேக் வாயில் இருக்கிறது. அன்றைக்கும் அதே டியூட்டி டாக்டர். நான் திரைக்குப் பின்னால் வேறொரு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை அவர் பேனாவை எடுக்கவில்லை. தராசை இழுத்து வைத்தார். எஸ்தர் குழந்தையை அப்படியே அதில் உட்கார வைக்கப் போனாள்.

"இருங்க, கொலுச கழட்டணும்."

"கொலுசு எவ்ளோ வெயிட்டு இருக்கப் போவுது டாக்டர்? திருவு வேற இறுகிக்கினு கெடக்குது."

அவர் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். ரூத் அவர் தலைமுடியைப் பிடித்து உலுக்க, அந்தத் திருகோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார்.

"மருந்து குழந்தைக்கும்மா. கொலுசுக்கு இல்ல."

என் வசனத்தை எனக்குக் கேட்கும் தூரத்திலேயே திருடிக்கொண்டார். அந்தக் கொலுசு மருந்தின் அளவை ஒரு சொட்டுகூட மாற்றாது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு கொலுசும் கழன்ற பிறகு தராசைப் பார்த்து, எண்ணை இரண்டு முறை வாய்விட்டுப் படித்து, அப்புறம்தான் பேனாவைத் திறந்தார்.